கிளினிக் கொப்பியில் ஏறாத கணக்குகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

எங்கள் பிரதேசத்தில் மூன்று வருடமாகத் தாய் மரணமே இல்லை. இனப்பெருக்க நலத்தில் முன்னுக்கு நிற்கிறோம் என்று அறிக்கையில் எழுதலாமா? (மாங்குளம்)

மரணம் இல்லை என்று தாராளமாக எழுதுங்கள், மாரி மழைக்குள்ளும் வீடு வீடாகப் போன மிட்வைஃப்மாரின் உழைப்பு அது. ஆனால் விகிதம் போட்டுப் பெருமை பேச வேண்டாம். தாய் மரணம் 1 லட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு எத்தனை என்றுதான் கணக்கிடப்படுகிறது, வருடம் 1,000 பிள்ளைகள் பிறக்கிற இடத்தில் ஒரு தாய் இறந்தாலே அது 100 ஆகிவிடும், அடுத்த வருடம் திரும்பப் பூச்சியம். சின்ன இடங்களுக்குப் பல வருடங்களைச் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அப்புறம், சாகவில்லை என்பதே நலம் ஆகிவிடாது. 1994இல் கெய்ரோவில் நடந்த ஐ.நா. மக்கள்தொகை மாநாட்டிலேயே இனப்பெருக்க நலம் என்பதைப் பாதுகாப்பான, திருப்தியான பாலுறவு வாழ்க்கையையும், பிள்ளை வேண்டுமா, எப்போது, எத்தனை என்று தாங்களே தீர்மானிக்கும் சுதந்திரத்தையும் சேர்த்துத்தான் வரையறுத்தார்கள். உங்கள் அறிக்கையில் அதற்கு ஒரு வரியாவது இருக்கிறதா?

கணவர் கத்தாரில், இரண்டு வருடமாக வரவில்லை. ஒரு கணக்கெடுப்பில் என்னைக் 'குடும்பத் திட்டத் தேவை நிறைவேறாதவர்' என்று போட்டிருப்பார்களாம். எனக்கு என்ன தேவை? (முல்லைத்தீவு)

உங்களுக்கு ஒன்றும் குறையில்லை தங்கச்சி, கோளாறு சூத்திரத்தில். இப்போதைக்குப் பிள்ளை வேண்டாம், கருத்தடை முறை எதுவும் பாவிக்கவில்லை, கருத்தரிக்கக்கூடிய உடல், திருமணமானவர்: இவ்வளவும் இருந்தால் வழமையான சூத்திரம் தேவை நிறைவேறவில்லை என்று முடிவு கட்டிவிடும். திருமணமானவர் என்றால் பாலுறவு இருக்கும் என்பது அதன் எடுகோள், கணவர் எந்த நாட்டில் நிற்கிறார் என்று அது பார்ப்பதில்லை. வெளிநாட்டுக்கு ஆட்கள் போன ஊர்களில் இந்த எண் தேவையில்லாமல் ஊதிப்போகும், பிறகு மேலே இருந்து கருத்தடை ஊசி போடுங்கள், லூப் (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போடுங்கள் என்று மிட்வைஃபுக்கு நெருக்கடி வரும். எனக்கு இதில் கோபமே உண்டு. மறுபக்கம், விருப்பமில்லாமல் மாமியாரின் சொல்லுக்காக ஊசி போட்டவர் அதே கணக்கில் 'நிறைவேறியவர்'!

நான் கல்யாணம் செய்யவில்லை, 36 வயது. என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லையே? (கிளிநொச்சி)

உண்மை. இலங்கையின் 2006/07 குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் வடமாகாணமே இல்லை, 2016இல் எல்லா மாவட்டமும் வந்தது, அதிலும் 15 முதல் 49 வயதுக்குள் ஒரு தடவையாவது திருமணமான பெண்களிடம்தான் குடும்பத் திட்டம் போன்ற கேள்விகள். கணக்கில் இல்லாவிட்டாலும் வருத்தத்துக்கு வைத்தியம் உண்டு. மாதவிடாய்க் கோளாறோ வெள்ளைபடுதலோ இருந்தால் கூச்சப்படாமல் கிளினிக்குக்குப் போங்கள்.

ஆய்வுக்காக, பாலுறவுக்குக் கணவனிடம் 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா என்று பெண்களிடம் கேட்க வேண்டும். எப்படி? (வவுனியா)

கேள்வி சுலபம், இடம்தான் கஷ்டம். பயிற்சி பெற்ற பெண் ஒருவர், தனியாக, ஒரு வீட்டில் ஒருவரிடம் மட்டும் கேட்க வேண்டும். முற்றத்தில் மாமியார் நெல் காயவிடுகிறார் என்றால் குசினி தனியிடம் ஆகாது, கிணற்றடியோ கிளினிக் அறையோ பாருங்கள். யாரும் உள்ளே வந்தால் சட்டென்று பிள்ளையின் தடுப்பூசி பற்றிக் கதைக்க மாற்றுக் கேள்வித்தாள் ஒன்று கையில் இருக்கட்டும். அடி உதை என்று சொல்பவரை எங்கே அனுப்புவது என்பதையும் முதலே ஒழுங்கு செய்யுங்கள், அது முடியாவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆண்களுக்குக் கணக்கு இல்லையா டொக்டர்? (மன்னார்)

பெரும்பாலும் மனைவியின் பதிலுக்குள்தான் ஒளிந்திருக்கிறீர்கள். நீங்கள் ஆணுறை பாவிப்பதும் அவர் பெயரிலேயே ஏறும்.