வேலையிடத்தில் ஓட்டுரிமை சாத்தியமா?

ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் நாம், வேலை செய்யும் இடத்தில் மட்டும் ஏன் வாய் திறக்க முடிவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முடிகிற இடங்களும் உண்டு. ஸ்பெயினில் 1956-ல் தொடங்கிய மோன்ட்ராகன் கூட்டுறவுகளில் தொழிலாளர்களே உறுப்பினர்கள்; உறுப்பினர் ஒருவருக்கு ஒரு ஓட்டு; போட்ட பணம் கணக்கில் வராது. உறுப்பினர்கள் நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்க, அந்தக் குழு மேலாளரை நியமிக்கிறது. அன்றாட வேலையில் மேலாளர் சொன்னதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அவரை மாற்றும் அதிகாரம், சுற்றி வளைத்தாவது, கேட்பவர்கள் கையில்தான்.

ஜெர்மனியில் 1976 சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் தொழிலாளர்களுக்கு. ஓட்டு சமமாகி இழுபறியானால் தலைவருக்கு இரண்டாவது ஓட்டு. அவர் பெரும்பாலும் பங்குதாரர் தரப்பு. ஆக, பாதி இடம் இருந்தாலும் அது முழுச் சமம் இல்லை!

அப்புறம், ஓட்டு இருந்தால் நஷ்டம் வராது என்றில்லை. மோன்ட்ராகனின் ஃபாகோர் வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் 2013-ல் திவாலானது.