கைவேலை ஆம்ப்: அந்த விலைக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: ஏழு வருடமாக கிட்டார் வாசிக்கிறேன். என் நண்பர் ஒரு சின்னப் பட்டறையில் கையாலேயே செய்த, பழைய பாணி வால்வு ஆம்ப் (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) ஒன்று வாங்கியிருக்கிறார். இரண்டு வால்யூம், ஒரு டோன், அவ்வளவுதான் குமிழ்கள். என் ஆம்ப்பில் எத்தனையோ குமிழ் இருந்தும் அந்த ஒலி வரவில்லை. விலையோ என்னுடையதைப் போலப் பல மடங்கு. பெயருக்குத்தான் இந்தக் காசா?

பதில்: மூன்று குமிழ் என்றதுமே, அது ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கம்பெனி 1950-களில் செய்த டுவீட் டீலக்ஸ் ஆம்ப்பின் வழிவந்ததாக இருக்கும் என்று தோன்றியது. ஆம்ப் செய்பவர்கள் 5ஈ3 என்று சொல்லும் சர்க்யூட். பவருக்கு இரண்டு 6வி6 வால்வு, அதற்கு முன் சிக்னலைப் பெருக்க ஒரு 12ஏஒய்7, ஒரு 12ஏஎக்ஸ்7, ஏசியை டிசி ஆக்க ஒரு 5ஒய்3, 12 இன்ச் ஸ்பீக்கர் ஒன்று. இதில் ரகசியமே கிடையாது, வரைபடம் யாருக்கும் கிடைக்கும்.

உங்களை மயக்கியது அது விரலுக்குப் பதில் சொல்லும் விதம். கம்பியை ஓங்கி அடித்தால் பவர் வால்வுகள் சட்டென்று அதிக கரண்ட் இழுக்கும், அந்த நேரத்தில் 5ஒய்3 தரும் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கிவிடும், அதனால் ஸ்வரத்தின் தொடக்கம் அமுங்கி, பின்னால் மெல்ல மேலே எழும்பி வரும். இதைத்தான் ‘சாக்’ (sag, தொய்வு) என்கிறார்கள். மென்மையாக வாசித்தால் அதே ஆம்ப் சுத்தமாகப் பாடும். நண்பர் வீட்டுக்குப் போனால் ஒன்று செய்து பாருங்கள்: ஆம்ப்பின் வால்யூமைப் பாதிக்கு மேல் வைத்துவிட்டு, கிட்டாரில் இருக்கும் வால்யூம் குமிழை 10-லிருந்து 6-க்கு இறக்குங்கள். கரகரப்பு அப்படியே வடிந்து மணி போன்ற ஒலி வரும், திரும்ப ஏற்றினால் கரகரப்பும் திரும்பும். நீங்கள் வாசிக்காத சேனலின் வால்யூமைத் திருகினாலும் ஒலி மாறும், ஏனென்றால் இரண்டு குமிழும் உள்ளே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. குறைவான பாகங்கள், நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளிவரும் ஒலியில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விட்டுக் கரகரப்பை அடக்கும் முறை) இல்லை. கைக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தடுக்க அதிகம் ஒன்றுமில்லை.

சரி, காசு எங்கே போகிறது? முதலில் ஆள் கூலி. ஒவ்வொரு வயரையும் அளந்து, வெட்டி, வளைத்து, ஒருவர் உட்கார்ந்து சால்டர் வைக்கிறார். அப்புறம் டிரான்ஸ்ஃபார்மர். பெரிய கம்பெனி ஆயிரக்கணக்கில் வாங்குவதை இவர் பத்து, இருபது என்று வாங்குகிறார், அதனால் ஒவ்வொன்றுக்கும் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. நல்ல அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் பிரைமரி, செகண்டரி என்ற இரண்டு கம்பிச் சுருள்களையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிச் சுற்றியிருப்பார்கள், அந்த வேலை ஒலியில் தெரியும். பெட்டி பைன் மரப் பலகையில், மூலைகள் விரல் கோத்தது போல இணைத்தது. இதெல்லாம் நியாயமான செலவு. இதற்கு மேல் பெயருக்கென்று ஒரு தொகை சேர்வதும் உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன்.

எனக்கு இந்த ஆம்ப்கள் மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்குக் காரணம் வேறு. முன்பு நான் வைத்திருந்த ஒரு ஆம்ப்பில் வால்வு சாக்கெட்டையே சர்க்யூட் போர்டில் சால்டர் செய்திருந்தார்கள். வால்வின் சூட்டில் அந்த இணைப்பு விரிசல் விட்டு, ஒரு நிகழ்ச்சியின் நடுவில் சத்தம் விட்டு விட்டு வந்தது. பழுது பார்க்கப் போர்டு முழுவதையும் கழற்ற வேண்டியிருந்தது, குமிழ்களும் ஜாக்குகளும் அதிலேயே ஒட்டியிருந்ததால் பாதி நாள் போனது. கைவேலை ஆம்ப்பைத் திறந்தால் ஒரு கறுப்பு அட்டை, அதில் வரிசையாகப் பித்தளைக் கண்கள், ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு மூன்று கால்கள் நுழைந்து பளபளவென்று ஈயம் நிரம்பியிருக்கும். எந்த கெப்பாசிட்டர் போனதோ அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைக்கலாம். இருபது வருடம் கழித்தும் வைக்கலாம். இதற்காகச் சர்க்யூட் போர்டு என்றாலே மட்டம் என்று சொல்லிவிட முடியாது. தடிமனான போர்டு, சேசிஸில் (உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்தில்) பொருத்திய சாக்கெட் என்று ஒழுங்காகச் செய்தவை பல வருடம் உழைக்கின்றன.

கேள்வி: 15 வாட் போதுமா, 50 வாட் வாங்கலாமா?

பதில்: வாட்டை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றவே ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். எனவே 50-க்கும் 15-க்கும் நடுவே நீங்கள் நினைக்கும் தூரம் இல்லை. 15 வாட் வால்வு ஆம்ப் டிரம்ஸுக்கு ஈடுகொடுக்கும், வீட்டில் வைத்து முழுதாகத் திறந்தால் ஜன்னல் அதிரும். தனியாக அறையில் வாசிப்பவருக்கு 5 வாட்டே தாராளம். ஒற்றை 6வி6 வைத்த, ஃபெண்டரின் சின்ன ஆம்ப்பான சாம்ப் வகை ஆம்ப்களை ஸ்டுடியோவில் ஆசை ஆசையாகப் பயன்படுத்துவது இதற்காகத்தான். இந்த ஆம்ப்களின் அழகு பவர் வால்வுகள் உழைக்கும்போதுதான் வரும், உங்கள் இடத்தில் அந்த அளவுக்கு ஏற்ற முடியாது என்றால் பெரிய வாட்டுக்குக் கொடுக்கும் காசு வீண்.

கேள்வி: பழைய பாணி எதற்கு, நிஜமான பழைய ஆம்ப்பையே வாங்கினால் என்ன?

பதில்: நல்ல நிலையில் கிடைத்து, பக்கத்தில் நம்பகமான மெக்கானிக்கும் இருந்தால் வாங்குங்கள். ஆனால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் பத்திருபது வருடத்தில் உள்ளே காய்ந்துவிடும், அந்தக் காலத்துக் கார்பன் ரெசிஸ்டர்களின் மதிப்பு ஏறிப்போயிருக்கும். எல்லாவற்றையும் மாற்றினால் ஓடும், சேகரிப்பாளர் கொடுக்கும் விலை குறையும். மாற்றாவிட்டால் விலை நிற்கும், ஆம்ப் எந்த நிமிடமும் படுத்துவிடும். தினமும் வாசிக்க வேண்டியவருக்கு இந்த இழுபறி எதற்கு? அதே வரைபடத்தில் புதிதாகச் செய்தது மேல் என்பேன்.

கேள்வி: இன்னொன்றைப் பார்த்துச் செய்வது காப்பியடிப்பதுதானே?

பதில்: ஆம்ப் வரலாறே அப்படித்தான் நகர்ந்திருக்கிறது. லண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல், 1962 வாக்கில் கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் சேர்ந்து தன் முதல் ஆம்ப்பான ஜேடிஎம்45 செய்தபோது, ஃபெண்டரின் பாஸ்மேன் ஆம்ப்பின் 5எஃப்6-ஏ சர்க்யூட்டைத்தான் எடுத்துக்கொண்டார். அங்கே கிடைத்த பாகங்களும் ஸ்பீக்கரும் வேறு, அதனால் ஒலியும் வேறு திசையில் போனது. பின்னால் வந்தவர்களும் பழைய சர்க்யூட்டிலிருந்து தொடங்கித் தங்கள் காதுக்கேற்ப மாற்றியவர்கள்தான். டிரெயின்ரெக் ஆம்ப்களைச் செய்த கென் ஃபிஷர் தன் ஆம்ப்களுக்கு எண் போடாமல் பெண் பெயர்கள் வைத்தார். 2022-ல் காலமான அமெரிக்க ஆம்ப் தயாரிப்பாளர் டம்பிள் தன் சர்க்யூட்டை யாரும் பார்க்காதபடி அதன்மேல் எபாக்சி என்ற இறுகும் பசையை ஊற்றி மூடினார். வாழ்நாளில் சில நூறு ஆம்ப்களே செய்தார், இன்று அவை வீட்டு விலைக்குப் போகின்றன. அந்த விலையைப் பார்த்து மற்ற கைவேலை ஆம்ப்களை எடைபோட வேண்டாம், அது சேகரிப்பாளர்களின் சந்தை.

கேள்வி: எண்ணெய்க் காகித கெப்பாசிட்டர், கார்பன் ரெசிஸ்டர் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே?

பதில்: ரெசிஸ்டரில் கார்பன் காம்போசிஷன் வகை கூடுதல் இரைச்சல் தரும், நாளாக நாளாக மதிப்பும் மாறும். அதற்குக் கூடுதல் காசு தராதீர்கள். ஸ்பீக்கரை மாற்றிப் பாருங்கள், கெப்பாசிட்டர் மாற்றியதில் தேடித் தேடிக் கேட்ட வித்தியாசம் இதில் முதல் ஸ்வரத்திலேயே வந்துவிடும்.

கேள்வி: ஆம்ப்களின் ஒலியை மென்பொருளால் போலச் செய்யும் டிஜிட்டல் மாடலர் இதே ஒலியைத் தருகிறதாமே?

பதில்: பதிவில் தருகிறது, நன்றாகவே தருகிறது. அப்படிப்பட்ட கெம்பர் என்ற கருவி 2011-லேயே வந்துவிட்டது, இப்போது இலவச மென்பொருள்கூட வியக்கவைக்கிறது. பதிவு செய்வதும் இயர்போனில் பயிற்சி செய்வதும்தான் உங்கள் வேலை என்றால் கைவேலை ஆம்ப்பை நான் பரிந்துரைக்க மாட்டேன். நின்று வாசிக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் காற்று வந்து இடிக்கிற அந்த உணர்வு வேண்டும் என்றால் மட்டும் யோசியுங்கள். ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே சத்தத்தில் வையுங்கள், சத்தம் கூடியதே நல்லது போலக் காது சொல்லும்.

கேள்வி: கிட் (பாகங்கள் எல்லாம் அடங்கிய தொகுப்பு) வாங்கி நானே செய்யலாமா? எலக்ட்ரானிக்ஸ் கொஞ்சம் தெரியும்.

பதில்: ஆள் கூலி மிச்சம், அதனால் விலை நன்றாகவே இறங்கும், 5ஈ3 தொடங்குவதற்கு ஏற்ற சர்க்யூட். பவர் வால்வுகள் கேத்தோடு பயாஸ், அதாவது சும்மா இருக்கும்போது ஓட வேண்டிய கரண்டை அவையே சரிசெய்துகொள்ளும், எனவே வால்வு மாற்றும்போது பயாஸ் திருகும் வேலையும் இல்லை. ஆனால் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும், உயிரை எடுக்கும். ரெசிஸ்டர் வழியாக வடித்துவிட்டு, மல்டிமீட்டர் வைத்துப் பார்த்து, சில வோல்ட்டுக்கு இறங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும். முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது அனுபவம் உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். ஸ்பீக்கரை மாட்டாமல் ஆன் செய்யவே செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகும், அந்தக் கிட்டிலேயே விலை கூடிய பாகங்களில் ஒன்று அதுதான்.