எஞ்சினில் கருகல் வாடை: போல்ட்டை இறுக்கினால் போதுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது எட்டு ஆண்டுகள் ஓடிய பெட்ரோல் கார். நெடுந்தூரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நிற்கும்போது எண்ணெய் கருகுவது போன்ற வாடை உள்ளே வருகிறது; வண்டி நகர்ந்து வேகமெடுத்ததும் போய்விடுகிறது. பணிமனையில் காட்டியபோது, எஞ்சினின் மேல்மூடியில் ஆயில் கசிகிறது என்று சொல்லி போல்ட்டுகளை இறுக்கித் தந்தார்கள். பத்து நாள் வாடை இல்லை. இப்போது முன்னைவிட அதிகமாக வருகிறது. வெப்பம் காட்டும் முள் வழக்கமான இடத்திலேயே நிற்கிறது. காரைத் தொடர்ந்து ஓட்டலாமா?

பதில்: நின்றால் வருகிறது, ஓடினால் மறைகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியிருப்பதே பாதி விடை. வண்டி ஓடும்போது பானெட்டுக்குள் எழும் ஆவியைக் காற்று கீழ்ப்பக்கமாக இழுத்துச் சென்றுவிடும். நின்றதும் அது மேலே எழுந்து, முன்கண்ணாடியின் அடியில் உள்ள காற்றுத் துளைகள் வழியே உள்ளே நுழையும். ஏசியை உட்காற்றுச் சுழற்சிக்கு மாற்றிப் பாருங்கள். வாடை சட்டென்று குறைந்தால் அது பானெட்டுக்குள்ளிருந்துதான் வருகிறது.

பணிமனை கசிவைக் கண்டுபிடித்ததில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை, பிழை வைத்தியத்தில்தான். மேல்மூடிக்கும் எஞ்சினுக்கும் இடையே இருக்கும் ரப்பர் கேஸ்கெட் ஆண்டுக்கணக்கில் சூட்டில் வெந்து, அமுக்கினால் மீண்டெழும் தன்மையை இழந்து, பிளாஸ்டிக் போல விறைத்துவிடும். கழற்றி எடுத்தால் வளையாமல் துண்டு துண்டாக உடையும். அப்படிப்பட்டதை இறுக்குவதால் சில நாள் கசிவு அடங்கலாம், ஆனால் அது இன்னும் நசுங்கி வேறோர் இடத்தில் வழிவிடும். அந்தச் சிறு போல்ட்டுகளுக்குப் பல எஞ்சின்களில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்குதான் சொல்லப்பட்டிருக்கிறது. கைப்பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை வழுக்கிப்போய், சிறு செலவு பெருஞ்செலவாகும்.

கசியும் ஆயில் புகைபோக்கிக் குழாய் தொடங்கும் மேனிஃபோல்டின் மீது சொட்டுகிறது. ஓடிய எஞ்சினில் அந்த இரும்பு பல நூறு டிகிரிக்குச் சூடேறியிருக்கும் என்பதால், ஒரு சொட்டே காரை நிறைக்கும் வாடைக்குப் போதுமானது. ஆகவே தரையில் கறை இல்லையே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். விழும் ஆயில் தரையைத் தொடும் முன்பே எரிந்துவிடுகிறது. எஞ்சின் முழுதும் ஆறிய பின், மேல்மூடியின் விளிம்பைத் துணியால் துடைத்துச் சுத்தமாக்கி, ஒரு நாள் ஓட்டிவிட்டு மறுநாள் காலையில் டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாக மினுக்கும் ஈரம் எங்கே தொடங்குகிறதோ அதுவே கசிவின் வாய். அதற்குக் கீழே இருக்கும் கறையெல்லாம் வழிந்து வந்தது. பெரும்பாலும் அது பின்பக்க விளிம்பில், கண்ணுக்கு எளிதில் படாத இடத்தில் இருக்கும் என்பதால் சிறு கண்ணாடி ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது.

கேஸ்கெட்டைப் புதிதாக மாற்றச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக் குழிகள் அந்த மூடிக்குள் அமைந்திருந்தால் அவற்றின் வளையங்களையும் சேர்த்தே மாற்றுவது சிக்கனம். அதைவிட முக்கியமாக, பிசிவி வால்வைப் பார்க்கச் சொல்லுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவை வெளியேற்றும் வழி அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நேற்று போட்ட கேஸ்கெட்டையும் தாண்டி ஆயிலைத் தள்ளும். வண்டி நிற்க, ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் கையகலக் காகிதம் ஒன்றை வைத்தால், பல எஞ்சின்களில் அது மெல்ல உறிஞ்சப்பட்டு ஒட்டும். துள்ளி எழுந்தால் வால்வு அடைத்திருக்கலாம், அல்லது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம்.

ஓட்டலாமா என்றால், டிப்ஸ்டிக்கில் ஆயில் இரு கோடுகளுக்கு நடுவே இருந்து, புகை ஏதும் தெரியாத வரை பணிமனை வரை ஓட்டலாம்; வெளியூர்ப் பயணம் வேண்டாம். புகை தெரிந்தாலோ, ஒயர் எரிவது போன்ற பிளாஸ்டிக் வாடை வந்தாலோ, ஓரம் கட்டி எஞ்சினை அணைத்து எல்லோரும் இறங்கிவிடுங்கள். பானெட்டை அகலத் திறக்காதீர்கள். உள்ளே நெருப்பிருந்தால் காற்றுப் பட்டதும் அது கொழுந்துவிடும்.

கேள்வி: ஆயில் மாற்றி வந்த நாளிலிருந்து என் காரிலும் கருகல் வாடை. கேஸ்கெட்தானா?

பதில்: அவசரப்பட வேண்டாம். ஃபில்டரைக் கழற்றும்போது சிந்திய ஆயில் சூடான பாகங்களில் எரிவதாக இருக்கலாம்; ஓரிரு நாளில் அடங்கிவிடும். நாளுக்கு நாள் குறையாவிட்டால், ஃபில்டரின் பழைய ரப்பர் வளையம் எஞ்சினிலேயே ஒட்டியிருக்க, அதன் மேல் புதியதைப் பூட்டிவிட்டார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். வாடை இனிப்பாக இருந்தால் அது ஆயில் அன்று, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். அப்போது பார்க்க வேண்டியது ரேடியேட்டரும் அதன் குழாய்களும், அதுவும் எஞ்சின் ஆறிய பிறகே.