எவ்வளவு இழுக்கும் என்பதை மட்டும் பார்த்து பிக்கப் வாங்கலாமா?

கேள்வி: டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் இருக்கிறோம். நான், மனைவி, வளர்ந்த பிள்ளைகள் இருவர். சாமான் ஏற்றினால் 7,000 பவுண்ட் வரும் கேம்பிங் ட்ரெய்லர் ஒன்று வாங்குகிறோம். அதை இழுக்க ஃபோர்ட் எஃப்-150, செவி சில்வராடோ 1500, ராம் 1500, டொயோட்டா டண்ட்ரா நான்கையும் பார்த்தோம். எல்லாமே 11,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்கிறார்கள். எதை எடுக்கலாம்?

பதில்: அந்த 11,000 ஒரு குறிப்பிட்ட எஞ்சின், கேபின், ஆக்சில் சேர்ந்த வண்டிக்கான கணக்கு. நீங்கள் வாங்கும் வண்டி அதுவாக இருக்க வேண்டியதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கும். ஆட்களும் சாமானும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்த ஒரு வண்டிக்கென்றே அச்சிட்டது. அதைப் படியுங்கள்.

ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ஹிட்ச், அதாவது இரண்டையும் இணைக்கும் கொக்கி, வழியாக ட்ரக்கின் மேல் உட்காரும். 13 சதவீதம் என்று வைத்தால் உங்களுக்கு 910 பவுண்ட். நான்கு பேர் 600, ஹிட்ச் சாமான் 90. ஆக 1,600. இன்னும் ஐஸ் பெட்டி, சைக்கிள் எதுவும் ஏற்றவில்லை. பனோரமா கூரை, பெரிய சக்கரம், மின்சாரப் படி என்று எல்லாம் வைத்த உயர் ரக ட்ரக்குகளில் ஸ்டிக்கர் 1,400க்குக் கீழேகூட இருக்கும். காசு கூடக் கூட சுமக்கும் திறன் குறைகிறது! ஹைப்ரிட் எடுத்தால் பேட்டரி எடையும் இதில்தான் கழியும்.

என்னைக் கேட்டால் எஃப்-150-இல் எக்ஸ்எல்டி ரகம், 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சின், இழுவை பேக்கேஜோடு. ஸ்டிக்கர் 1,800க்குக் குறையாமல். ராம் ஓட்டச் சுகமானது, ஆனால் உங்கள் சுமைக்கு ஸ்டிக்கர் பார்க்காமல் தொடாதீர்கள். டண்ட்ராவில் 2022-24 வண்டிகள் பலவும், செவியின் 6.2 லிட்டர் வி8-இல் 2021-24 வண்டிகள் பலவும் எஞ்சின் கோளாறுக்காகத் திரும்ப அழைக்கப்பட்டவை. புது வண்டிதான் வாங்குகிறீர்கள், சரி. இருந்தாலும் வண்டியின் அடையாள எண்ணான வின் எண்ணைப் போட்டு ரீகால் பார்த்துவிடுங்கள்.

அந்த எண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. 2025 முதல் 2028 வரை, அமெரிக்காவில் பாகங்களைப் பூட்டி முடித்த புது வண்டிக்கான கடனின் வட்டியில் ஆண்டுக்கு 10,000 டாலர் வரை வரிக் கழிவு உண்டு. தம்பதியாகத் தாக்கல் செய்தால், வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டியதும் கழிவு குறையத் தொடங்கும். சில்வராடோ இந்தியானாவிலிருந்தும் வரும், மெக்சிகோவிலிருந்தும் வரும். வின் 3-இல் ஆரம்பித்தால் மெக்சிகோ, கழிவு கிடையாது.

டெக்சஸில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து வண்டி விற்கச் சட்டம் விடாது, அதனால் டீலர்கள் பெரும்பாலும் ஞாயிறு மூடிவிடுவார்கள். விற்பனையாளர் தொல்லையில்லாமல் சுற்றிப் பார்க்க நல்ல நாள். வண்டிக் கதவு பூட்டியிருக்குமே? பிடித்த வண்டிக்கு டீலர் கொடுத்திருக்கும் ஸ்டாக் எண்ணைக் குறித்துக்கொண்டு, மஞ்சள் ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி மறுநாள் மெசேஜ் போடுங்கள். அப்படியே வரி, பதிவு, கட்டணம் எல்லாம் சேர்த்த மொத்த விலையையும் எழுத்தில் கேளுங்கள். மாதத் தவணை எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லாதீர்கள். டயரில் நைட்ரஜன், பெயின்ட் பாதுகாப்பு என்று ஒட்டியிருக்கும் தொகைகளை நீக்கச் சொல்லுங்கள். பழைய வண்டியை அங்கேயே கொடுத்தால் அதன் மதிப்பைக் கழித்த பிறகுதான் 6.25 சதவீத வரி. தனியாக விற்பதோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கராஜ் 20 அடி ஆழம். நான்கு கதவு பிக்கப் நுழையுமா?

பதில்: எஃப்-150 என்றால், பின்னால் ஐந்தரை அடி சாமான் பெட்டி உள்ள வண்டியின் நீளம் 19 அடி 4 அங்குலம், ஒட்டி நிற்கும். ஆறரை அடிப் பெட்டி உள்ளது 20 அடியைத் தாண்டும், கதவு மூடாது. ஹிட்ச் பந்தைக் கழற்றிவிட்டு நிறுத்துங்கள், உள்ளே வாட்டர் ஹீட்டர் துருத்திக்கொண்டிருந்தால் அந்த இடத்தையும் கழித்து அளந்துகொள்ளுங்கள்.