புல் மஞ்சளடித்தால் சுண்ணாம்பு போடலாமா?

அண்ணாச்சி, தாழையூத்தில் புதுவீடு, போர் தண்ணீர், புல்லில் புதுத் தளிர் மட்டும் வெளுக்குது, வீடியோவில் சொன்ன மாதிரி சுண்ணாம்பு தூவலாமா என்று கேட்டிருக்கீங்க. வேண்டவே வேண்டாம்! அது மழை அதிகம் பெய்து மண் புளித்துப்போன, அதாவது அமிலமாகிவிட்ட, ஊர்களுக்கான வைத்தியம். உங்க ஊரில் சிமென்ட் ஆலை வந்ததே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தானே.

ஒரு பிடி காய்ந்த மண்ணில் வினிகர் ஊற்றிப் பாருங்க. நுரைத்துப் பொங்கினால் மண்ணில் ஏற்கெனவே சுண்ணாம்பு இருக்கு, பிஎச் (மண் புளிப்பா காரமா என்று காட்டும் எண், 7-க்கு மேல் காரம்) அநேகமாக 7.5-க்கு மேல்தான். சரியான எண் வேண்டுமென்றால் நாலைந்து இடத்தில் அரையடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக்கிலோவை வேளாண்மைத் துறை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்க. போர் தண்ணீரையும் ஒரு பாட்டிலில் கொண்டுபோங்க, பாதி வில்லங்கம் அதில்தான் இருக்கும்.

நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இரும்புச்சத்துக் குறை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (பெரஸ் சல்பேட்), ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கரைத்துச் சாயங்காலம் தெளிங்க. டைல்ஸில் பட்டால் துருக்கறை லேசில் போகாது, வீட்டில் ஏச்சு விழும். யூரியாவுக்குப் பதில் அம்மோனியம் சல்பேட் போடுங்க. கந்தகம் போட்டு பிஎச்சைக் குறைக்கலாம் என்பார்கள். சுண்ணாம்பு மண்ணில் அது காசுக்குக் கேடு. மக்கிய சாணம் மேலாகத் தூவினாலே புல் தேறும்.