கணவாயின் நரம்பும் அக்காவின் நோட்டும்

ஐயா,

மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்துகிறேன். நரம்புத் தூண்டல் பாடத்தில், சோடியம் உள்ளே வரும், பொட்டாசியம் வெளியே போகும் என்று இரண்டு அயனிக் கால்வாய்களை வரைந்து முடித்துவிடுவேன். சென்ற வாரம் ஒரு மாணவி எழுந்து, மனித உடலில் இந்தக் கால்வாய்களுக்கு முந்நூறுக்கும் மேற்பட்ட மரபணுக்கள் உண்டாமே, அத்தனை எதற்கு என்று கேட்டாள். தேர்வுக்குத் தேவையில்லை என்று சொல்லி உட்காரவைத்தேன். இரண்டு போதாதா? பிள்ளைகளை ஏன் குழப்ப வேண்டும்? இன்னொன்று: கால்வாய், தடம், இவற்றில் எது சரியான சொல்? நரம்பை மின்கம்பி என்று சொல்லித்தருவது தவறா?

கோமதி

அன்புள்ள கோமதி,

கடைசி இரண்டு கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பிள்ளைகளுக்குப் புரிகிற எந்தச் சொல்லும் சரிதான். செல்லின் சவ்வில் சோடியமும் பொட்டாசியமும் போகவரும் இந்த வழியை, என்னைக் கேட்டால் மடை என்பேன். கால்வாய் சும்மா ஓடிக்கொண்டிருக்கும், திறந்து மூடுவது மடைதான். மின்கம்பி ஒப்புமை ஆறாம் வகுப்போடு போகட்டும்.

அந்த மாணவியை உட்காரவைத்தீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. உங்கள் பள்ளியில் இந்த ஆண்டு கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அதுவாக இருக்கக்கூடும். அதற்கு நீங்கள் கொடுத்த விடை 'தேர்வுக்குத் தேவையில்லை'. ஓர் ஆசிரியை சொல்லக்கூடாத சொல் அது. கோபமாகத்தான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மறைக்காமல் எனக்கு எழுதிக் கேட்டீர்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் சொல்கிறேன்.

நீங்கள் கரும்பலகையில் வரைகிற அந்த இரண்டு மடைகள் யாருடையவை? ஊசிக் கணவாயினுடையவை. 1939-இல் இங்கிலாந்தின் பிளிமத் கடலோர ஆய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் கணவாயின் பெருநரம்பிழைக்குள் மின்முனையைச் செருகி அதன் துடிப்பை அளந்தார்கள். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன், வெறும் கண்ணுக்கே தெரியும். உடனே போர் வந்துவிட்டது. போருக்குப் பின் மீண்டும் தொடங்கி, 1952-இல் வெளியிட்ட கட்டுரைகளில், ஒரு சோடியம் ஓட்டம், ஒரு பொட்டாசியம் ஓட்டம், கொஞ்சம் கசிவு, இவற்றை மட்டும் வைத்துத் துடிப்பின் முழு வடிவத்தையும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அவர்கள் இருந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி அப்போது இயங்கவில்லை. ஹக்ஸ்லி கைப்பிடி சுழற்றும் கணக்குப்பொறியில் வாரக்கணக்கில் கணக்குப் போட்டார். 1963-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த உழைப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் கைகூப்பத் தோன்றும்.

ஆனால் அந்த இழைக்கு ஒரே வேலைதான். ஆபத்து வந்தால் உடலைச் சுருக்கி, நீரைப் பீய்ச்சித் தப்பிக்கவைப்பது. அதற்கு இரண்டு மடை போதும். நம் பாடம் அந்தக் கணவாயோடு நின்றுவிட்டது.

நமக்குச் சோடியம் மடைக்கு மட்டும் ஒன்பது மரபணுக்கள். எலும்புத் தசைக்கு ஒன்று, இதயத்துக்கு ஒன்று, வலியை உணர்த்தும் நரம்புகளுக்குத் தனி வகைகள். மின்னழுத்தத்துக்குத் திறக்கிற பொட்டாசியம் மடைகளுக்கு நாற்பது. அந்த மரபணுக்கள் ஆக்கும் புரதத் துண்டுகள் நான்கு கூடித்தான் ஒரு மடை ஆகும். வெவ்வேறு துண்டுகள் கலந்தும் சேரும். நொடிக்கு நூறு முறைக்கு மேல் துடிக்க வேண்டிய செல்லுக்கு, சட்டென்று திறந்து சட்டென்று மூடும் மடை வேண்டும். சோம்பலாக மூடுவது அங்கே உதவாது.

இது தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் பார்த்தேன்.

என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா. தொண்ணூறுகளின் தொடக்கம். அவளுடைய பெண்குழந்தைக்கு ஆறாம் மாதத்தில், காய்ச்சலோடு முதல் வலிப்பு. அரைமணி நேரம் நிற்கவில்லை. பிறகு வெந்நீரில் குளிப்பாட்டினாலே வந்தது. மருத்துவர் ஒருவர் கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரையை எழுதிக்கொடுத்தார். வலிப்பு கூடியது. அளவைக் கூட்டினார். இன்னும் கூடியது. "வேளாவேளைக்குக் கொடுக்கிறாயா, மறந்துவிடுகிறாயா?" என்று மருத்துவர் கேட்டார், மாமியார் கேட்டார், பெற்ற பெரியம்மாவே கேட்டார். நானும் ஒருமுறை கேட்டேன்.

அக்கா ஒரு நோட்டு வைத்திருந்தாள். இடப்பக்கம் மாத்திரை கொடுத்த நேரம், வலப்பக்கம் வலிப்பு வந்த நேரம். அளவைக் கூட்டிய வாரத்துக்கு அடுத்த தாளைப் புரட்டினால் வலப்பக்கம் நிரம்பியிருக்கும். யாரும் அதை வாங்கிப் பார்க்கவில்லை. ஏழாம் வயதில், ஒரு விடியற்காலையில், குழந்தை உறக்கத்திலேயே போய்விட்டாள்.

2001-இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இப்படித் தொடங்கும் கடும் வலிப்புள்ள ஏழு குழந்தைகளைச் சோதித்தார்கள். பிரான்சின் மருத்துவர் சார்லட் டிராவே 1978-இல் விவரித்த நோய் அது. ஏழு பேருக்கும் எஸ்.சி.என்.1.ஏ என்ற ஒரே மரபணுவில் பழுது. ஒன்பது சோடியம் மடைகளில் முதலாவதை ஆக்குவது அது. ஏழு பேரிலும் அந்தப் பழுது தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. குழந்தையிடம் புதிதாக நேர்ந்தது.

சோடியம் உள்ளே வந்தால்தான் நரம்பு துடிக்கும். அந்த மடை பழுதானால் நரம்பு அடங்கத்தானே வேண்டும், வலிப்பு எப்படி வரும்? உங்கள் இரண்டு மடைப் படத்தை வைத்துக்கொண்டு இதற்கு விடை சொல்லவே முடியாது. 2006-இல் அமெரிக்காவில் வில்லியம் கேட்டரால் குழுவினர் எலிகளில் விடையைக் காட்டினார்கள். அந்த மடை குறைந்தபோது சோடியம் ஓட்டம் வெகுவாக விழுந்தது மற்ற செல்களை அடக்கிவைக்கிற செல்களில்தான். தூண்டுகிற செல்களிடம் வேறு வகைச் சோடியம் மடைகள் இருந்தன. அவை தடையின்றித் துடித்தன. கார்பமசெபின் சோடியம் மடையை அடைக்கும் மருந்து. பலருடைய வலிப்புக்கு அருமருந்து. இந்தக் குழந்தைகளிடமோ, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் அடக்கும் செல்களை அது மேலும் முடக்கிவிடும். வேளை தவறாமல் கொடுக்கக் கொடுக்க வலிப்பு கூடும்.

அக்கா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை.

சோதனை செய்யாத குழந்தைக்கு இன்று நோய்ப்பெயர் சூட்ட எனக்கு உரிமையில்லை. அந்த மருத்துவரையும் குறைசொல்லமாட்டேன். மரபணு அப்போது கண்டறியப்பட்டிருக்கவில்லை. நோட்டை வாங்கிப் பார்க்காத எங்களை நான் மன்னிக்கவில்லை. மாத்திரை என்றால் ஒன்று, மடை என்றால் ஒன்று, வலிப்பு நிற்கவில்லை என்றால் தாய்மேல் பிழை: இவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் வகுப்பில் இருக்கும் பெண்களில் சிலர் நாளை மருத்துவர்களாவார்கள், பலர் தாய்மார்களாவார்கள். அவர்களுக்கும் இவ்வளவுதான் தெரிந்திருக்க வேண்டுமா?

இதைப் படிக்கிற யாரும் வலிப்பு மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. மருந்து தொடங்கியபின் வலிப்பு கூடினால், நேரங்களை எழுதி எடுத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் போங்கள். அவர் அதைப் படிக்கும்வரை எழுந்து வராதீர்கள்.

கோமதி, தேர்வுக்கு இரண்டு மடைகளை வரையத்தான் வேண்டும், வரையுங்கள். படத்துக்குக் கீழே 'ஊசிக் கணவாய்' என்று எழுதிவிடுங்கள். பிறகு அந்த மாணவியை எழுப்பி, அதே கேள்வியை இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள்.