நெஞ்சு எக்கோ நார்மல், அப்புறம் ஏன் தொண்டை வழியாக இன்னொரு எக்கோ?

அப்பாவுக்கு ஆறு வருஷம் முன்பு அயோர்டிக் வால்வை எடுத்துவிட்டு மெட்டல் வால்வு வைத்தார்களாம். இப்போது இரண்டு வாரமாகக் காய்ச்சல், பிளட் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட்) ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி வந்திருக்கிறது. நெஞ்சு மேல் வைத்துப் பார்த்த எக்கோவில் ஒன்றும் இல்லை, ஆனாலும் டாக்டர் தொண்டை வழியாக எடுக்கச் சொல்கிறார், தேவையா என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

தேவைதான், தள்ளிப்போடாதீர்கள். ரத்தத்தில் இருக்கும் இந்தக் கிருமி செயற்கை வால்வில் ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சீழ் வைத்திருக்கலாம் என்பதுதான் சந்தேகம். மெட்டல் வால்வு அல்ட்ராசவுண்ட் அலையைத் தடுத்துவிடும், அதற்குப் பின்னால் கருப்பாக ஒரு நிழல் விழும். முன்பக்கமிருந்து பார்க்கும்போது அந்த நிழல் வால்வின் பின்புறத்தில் விழுகிறது, சீழ்க்கட்டி அங்கே உட்கார்ந்திருந்தால் ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்றுதான் வரும். உணவுக்குழாய் இதயத்துக்கு நேர் பின்னால் போவதால், அதற்குள் இருந்து பார்த்தால் அந்த இடம் பளிச்சென்று தெரியும். ஆனால் இதில் முன்புறம் மறைந்துவிடும், அதனால்தான் இரண்டும் வேண்டும்.

கிருமி வால்வில் ஒட்டி வளரும் கொத்தை வெஜிடேஷன் என்போம். அது 10 மில்லிமீட்டரைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தால், பிய்ந்து மூளைக்குப் போகும் ஆபத்து அதிகம். என்னைக் கேட்டால் அதைவிட வால்வைச் சுற்றி வரும் சீழ்தான் பயம்: தையல் விட்டு வால்வே ஆடலாம், பக்கத்தில் ரத்தம் கசியலாம், இதயத்தின் மின்பாதை அருகிலேயே ஓடுவதால் துடிப்பு தடைபடலாம். தினமும் ஈசிஜி எடுத்து பி.ஆர். இடைவெளி (மின்துடிப்பு இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரம்) நீள்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். சீழ் என்று உறுதியானால் பெரும்பாலும் ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது, ஆபரேஷன் பேச்சு வரும்.

டெஸ்ட் அவ்வளவு கஷ்டமில்லை. ஆறு மணி நேரம் வெறும் வயிறு, பல்செட் இருந்தால் கழற்றிவிட வேண்டும், தொண்டைக்கு மரத்துப்போக ஸ்ப்ரே, லேசான மயக்க ஊசி. விழுங்கச் சிரமமோ, கல்லீரல் கோளாறால் உணவுக்குழாயில் ரத்தநாள வீக்கமோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இதிலும் ஒன்றும் தெரியாமல் சந்தேகம் மட்டும் தொடர்ந்தால், 5 முதல் 7 நாளில் திரும்ப எடுப்பார்கள், சிடி அல்லது பெட் ஸ்கேனும் சொல்லலாம். ஆரம்பக்கட்டச் சீழ் வெறும் தடிப்பாகத்தான் தெரியும் என்பதால், பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். இதற்கிடையில் மூச்சு வாங்கினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ, வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே நர்ஸைக் கூப்பிடுங்கள்.